இரு பாஷை அறிந்த வக்கீல்களுக்கு ஒரு திறந்த மடல்

கள்ளக்குறிச்சி நீதிமன்றங்களில் தொழில் புரியும் இளம் வழக்கறிஞர்களுக்கு,



உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேனாயினும், உங்களுள் இரண்டு சாராரையே முக்கியமாக மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கல்வராயன் மலையிலே பிறந்து, அங்குள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்து, பெற்றோர் அறியாத ஒரு கல்வியைச் சட்டக் கல்லூரி வரை தொடர்ந்து முடித்து, இன்று கறுப்புக் கோட்டுடன் நம் நீதிமன்ற வராந்தாவில் நிற்கிறவர்கள் ஒரு சாரார்; எண்ணிக்கையில் இவர்கள் சொற்பமே. சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் வட்டாரத்துக் கிராமங்களில், வீட்டுக்குள் தெலுங்கும் வாசலைத் தாண்டினால் தமிழுமாகப் பேசி வளர்ந்து, ஆனால் தெலுங்கில் ஓர் எழுத்தும் படிக்க அறியாதவர்கள் மற்றொரு சாரார். இவர்கள் நம்மிடையே கணிசமாகவே இருக்கிறார்கள், பலர் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை என்பதுதான் விசேஷம். நானும் இந்த இரண்டாம் சாராரைச் சேர்ந்தவனே. தெலுங்கு லிபியைத் தொழிலுக்கு வந்த பின்னரே, அதுவும் கட்சிக்காரர்களின் நிர்ப்பந்தத்தால், கற்றுக்கொண்டேன். இரு சாராரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கடையில் டீ குடிக்கிறீர்கள். ஒருவருக்கொருவர் எவ்வளவு வேண்டியவர்கள் என்பதை மட்டும் அறியாமல் இருக்கிறீர்கள். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, தேசம் முழுவதும் நம் ஊரின் பெயரைக் கேட்டது. அதன் பின்னரே, நம் ஊருக்கு மேற்கே ஒரு மலை இருக்கிறது என்பதும், அதில் மனிதர்கள் வசிக்கிறார்கள் என்பதும் பலருக்கு நினைவு வந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ். எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் ஆகியோரின் அமர்வு, கல்வராயன் மலைவாழ் மக்களின் சமூக, பொருளாதார நிலைமையைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அந்த விசாரணையால் மலைக்கு நன்மை விளைந்தால் யாருக்கும் சந்தோஷமே. ஆனால் சாலையையும் ஆஸ்பத்திரியையும் பற்றி உயர் நீதிமன்றம் அரசைக் கேட்கலாம்; மலையிலிருந்து பிடிபட்டுப் போன ஒருவன், தனக்குப் புரியாத பாஷையில் நடக்கும் வழக்கில், தனக்காகப் பேச வாயில்லாமல் நிற்பதற்கு யாரைக் கேட்பது? அந்தக் கேள்வி நம்மை நோக்கி வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்த மலை நம்முடைய சட்டத்தின் ஆளுகைக்குள் வந்த வரலாறு, உங்களில் சமவெளியில் பிறந்தவர்களுக்கு அவ்வளவாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. தேசம் சுதந்திரமடைந்து, அரசியல் சாசனம் அமலுக்கு வந்து, சென்னை ராஜ்யத்தின் ஜமீன்கள் 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, எஞ்சியிருந்த இனாம்களை ஒழிக்க 1963-இல் வேறொரு சட்டம் பிறந்த பின்னரும், சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று வழங்கப்பட்ட மூன்று ஜாகீர்தார்களின் வசமே இம்மலை இருந்து, 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்து சேர்ந்தது. இன்று ஐம்பது வயதைத் தாண்டிய மலைவாசி எவரும் ஜாகீரின் குடியாகப் பிறந்தவர் என்பதை எண்ணிப் பாருங்கள். அவருடைய இளமையில், அதிகாரம் என்பது ஒரு வீட்டின் திண்ணையில் உட்கார்ந்திருந்தது, வாய்மொழியாக உத்தரவிட்டது, வாய்மொழியாக மன்னித்தது. அதற்குப் பின் வந்த அதிகாரமோ காகிதமாக வந்தது: வனத்துறையின் அறிவிப்பாக, வருவாய்த்துறையின் நோட்டீஸாக, நீதிமன்றத்தின் சம்மனாக. படிக்கத் தெரியாத ஜனங்கள், காகிதத்தைக் கண்டால் கைநாட்டு வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதே விவேகமென்று கருதினார்கள். அனுபவமும் அவர்களுக்கு அதையே கற்பித்தது.

அந்தக் கைநாட்டு ஆந்திராவில் என்ன விலைக்குப் போகிறது என்பதை இனிச் சொல்கிறேன்.

சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா முதலிய மலைகளில் மட்டுமே இயற்கையாகச் செழிக்கும் செம்மரத்தைக் களவாக வெட்டிக் கடல் கடந்து விற்கும் வியாபாரம் எத்தகையது, அதன் லாபம் யாருடைய பெட்டிக்குப் போகிறது என்பதெல்லாம் பத்திரிகை படிக்கிற எவரும் அறிந்த விஷயம். அந்தப் பெட்டிக்காரர்கள் நீதிமன்றத்தில் நிற்பது அபூர்வம். நிற்கிறவன், சாமையும் மரவள்ளியும் விளையும் மானாவாரி நிலத்தில் வருஷத்தில் பாதி நாள் வேலையில்லாமல் இருந்து, கடுக்காய் பொறுக்கி விற்ற காசு கடனுக்கே போதாமல், “மரம் வெட்டப் போனால் ஒரு வாரத்தில் கைநிறையப் பணம்” என்று ஊருக்குள் வந்து சொன்ன ஏஜெண்டின் வேனில் ஏறிப் போனவன். கல்வராயன் மலையிலிருந்தும், ஜவ்வாது மலையிலிருந்தும், சித்தேரி மலையிலிருந்தும் இப்படிப் போனவர்கள் அநேகர். போனவர்களில் உண்மையாகவே மரம் வெட்டியவர்கள் உண்டு. கட்டட வேலை, கரும்பு வெட்டு என்று சொல்லி ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் உண்டு. திருப்பதிக்குச் சாமி கும்பிடப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டதாகச் சொல்கிறவர்களும் உண்டு. இவர்களில் எவன் எவன் என்று பகுத்தறிவதற்கே விசாரணை என்னும் ஏற்பாடு இருக்கிறது. களவைக் களவல்ல என்று வாதாட நான் உங்களை அழைக்கவில்லை; வனத்தைக் காக்கும் கடமையில் உயிர் இழந்த அலுவலர்களும் இருக்கிறார்கள் என்பதை மறந்து பேசுவது அழகன்று.

2013 டிசம்பரில் சேஷாசலத்தில் வன அலுவலர் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைக்காகத் தமிழகத்துக் கூலிகள் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டு, ஜாமீனின்றி இரண்டு வருஷத்துக்கும் மேல் சிறையில் கிடந்து, 2016-இல் திருப்பதி நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார்கள். இடையில், 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, அதே சேஷாசலத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைக் கிராமங்களுக்குச் சடலங்கள் வந்தபோது எழுந்த ஆவேசம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். அந்த ஆவேசம் அடங்கிற்று. வாய்தாக்கள் அடங்கவில்லை, அவை இன்றும் சித்தூரிலும் திருப்பதியிலும் கடப்பையிலும் நடந்துகொண்டிருக்கின்றன.

அத்தகைய ஒரு வழக்குக் கட்டை உங்கள் முன் பிரித்துக் காட்டுகிறேன். யாருடையது, எந்த நீதிமன்றத்தினது என்பது வேண்டாம். இந்தக் கட்டுகள் பெரும்பாலும் ஒரே சாயலில்தான் இருக்கின்றன. மேலே முதல் தகவல் அறிக்கையின் நகல். அதற்கு அடியில் மகஜர். மகஜர் தெலுங்கில், கையெழுத்தில், கார்பன் வைத்து எழுதியது. ஆதலால் முதல் பக்கத்தில் திடமாக இருக்கும் எழுத்து மூன்றாம் பக்கத்தில் புகைபோல் மங்கிவிடுகிறது. சம்பவ இடம், மரத் துண்டுகளின் எண்ணிக்கை, எடை, கைப்பற்றிய கோடரிகள், அரிசி மூட்டை, சமையல் பாத்திரம் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டு, பஞ்சாயத்தார் இருவர் கையொப்பமிட்டு, எல்லாவற்றுக்கும் கீழே என் கட்சிக்காரரின் இடது பெருவிரல் ரேகை நீலமாகப் பதிந்திருந்தது. ரேகைக்கு மேலே இருந்த பத்தியில், தான் இன்னார் அழைத்து மரம் வெட்டவே வந்ததாகவும், இதற்கு முன்னும் வந்து வெட்டியிருப்பதாகவும், இவை யாவும் தனக்குப் படித்துக் காட்டப்பட்டு உண்மையென்று தான் ஒப்புக்கொண்டதாகவும் அவர் சொன்னது போலவே எழுதப்பட்டிருந்தது. நான் ஒரு வரி படித்து ஒரு வரி தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இம்புட்டும் நானாங்க சொன்னேன்?” என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்ட கேள்வி அது.

காவல் அலுவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்பது நீங்கள் முதல் வருஷத்திலேயே படித்த பாடம். வன அலுவலரோ அந்த விதியின் பொருளில் காவல் அலுவலர் அல்லர் என்று நீதிமன்றங்கள் கருதி வந்திருக்கின்றன. ஆகவே மகஜரின் அந்தப் பத்தியை அலட்சியம் செய்ய இயலாது. அது தானாக விழுந்துபோகாது. யாராவது அதை விழச் செய்ய வேண்டும். எழுதியவரைக் கூண்டில் நிறுத்தி, தமிழ் மட்டுமே அறிந்த மனிதருக்கு இதை எந்த பாஷையில் படித்துக் காட்டினீர், மொழிபெயர்த்தவர் யார், அவர் கையொப்பம் எங்கே என்று கேட்கிற வக்கீல் அங்கே இருந்தால், அந்தப் பத்தியின் கனம் பாதியாகக் குறையும். தெலுங்கு அறியாத தமிழ்நாட்டு வக்கீல் இதைக் கேட்க மாட்டார், ஏனெனில் அவருக்கு அந்தப் பத்தியே தெரியாது. தமிழ் அறியாத ஆந்திர வக்கீலும் பெரும்பாலும் கேட்க மாட்டார், ஏனெனில் அவருக்குத் தம் கட்சிக்காரரே தெரியாது.

பெயர் எழுதிய இடத்தையும் பாருங்கள். ஆந்திராவில் ஒருவர் பெயருக்கு முன்னால் வருவது குடும்பத்தின் வீட்டுப் பெயர். நம்மிடம் வருவது தந்தை பெயரின் தலையெழுத்து. குமாஸ்தா “இண்டி பேரு?” என்று கேட்கிறார், மலையாள் ஏதோ ஊரைக் கேட்கிறார்கள் என்று நினைத்துத் தம் குக்கிராமத்தின் பெயரைச் சொல்கிறார். கிராமம் குடும்பப் பெயராகிவிடுகிறது. தந்தை பெயர் காணாமற்போகிறது. ஊர்ப் பெயரில் ழகரம் இருந்தாலோ, தெலுங்கு லிபியில் அதற்கு வழக்கில் எழுத்து இல்லாமையால் ளகரமாகவோ லகரமாகவோ மாறிவிடுகிறது. இது அற்ப விஷயமென்று எண்ணாதீர்கள். ஜாமீன் கிடைத்துத் தம்பிக்காரன் ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு ஷ்யூரிட்டி நிற்கப் போனால், கார்டில் இருக்கும் ஆளும் கட்டில் இருக்கும் ஆளும் வேறு வேறு என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். வாய்தாவுக்கு வராதவர் மேல் பிடிவாரண்டு பிறந்து, இல்லாத ஒரு பெயருடன் கரியாலூர் காவல் நிலையம் வரை வந்து, யாருடையது என்று தெரியாமல் திரும்பிப் போய், ‘தலைமறைவு’ என்ற குறிப்புடன் கட்டில் சேர்கிறது. அந்த மனிதரோ தம் வீட்டில், தம் சாமைக்காட்டில், ஒருவருக்கும் மறையாமல் இருந்துகொண்டிருக்கிறார். முதல் நாளிலேயே, “எதிரியின் சரியான பெயரும் தந்தை பெயரும் ஊரும் இவை” என்று ஒரு பக்க மனுவைத் தாக்கல் செய்தால் தீரக்கூடிய கஷ்டம் இது. அந்த ஒரு பக்கத்தை எழுத இரண்டு பாஷை வேண்டியிருக்கிறது.

சட்டம் நமக்கு விரோதமாக இல்லை என்பதே இதில் வேதனையான அம்சம். எதிரிக்குப் புரியாத பாஷையில் சாட்சியம் சொல்லப்பட்டால், அதைத் திறந்த நீதிமன்றத்திலேயே அவருக்குப் புரியும் பாஷையில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 314-ஆம் பிரிவாக அப்படியே இருக்கிறது. தடுப்புக் காவலுக்கான காரணங்களை ஆங்கிலத்தில் கொடுத்து வாயால் விளக்கிவிட்டால் போதாது, கைதிக்குத் தெரிந்த பாஷையில் எழுத்தில் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஹரிகிஷன் வழக்கில் 1962-லேயே சொல்லிவிட்டது. கைது செய்யப்பட்டதன் காரணம் அவருக்குப் புரியும் பாஷையில் உள்ளபடி போய்ச் சேர வேண்டும் என்று விஹான் குமார் வழக்கில் 2025 பிப்ரவரியில் மீண்டும் சொன்னது. இலவச சட்ட உதவி பெறும் உரிமை உனக்கு உண்டு என்று ஏழை எதிரிக்குச் சொல்லாமல் நடத்திய விசாரணை செல்லாது என்று, அருணாசலப் பிரதேசத்திலிருந்து வந்த சுக் தாஸ் வழக்கில் 1986-இல் தீர்ப்பாயிற்று.

இவற்றினும் நம் காரியத்துக்கு நெருங்கியது 1978-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய மோதிராம் வழக்கின் தீர்ப்பு. கொத்தனார் ஒருவருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, அவருடைய சகோதரர் வேறு மாவட்டத்தில் இருப்பதால் ஷ்யூரிட்டியாக ஏற்க இயலாதென்று ஒரு மாஜிஸ்திரேட் மறுத்திருந்தார். கிருஷ்ணய்யரோ, ஒரு தமிழனோ தெலுங்கனோ மலையாளியோ தன் ஊரைவிட்டுத் தொலைதூரத்தில் பிடிபட்டால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று கேட்டு, பாஷையையும் பிரதேசத்தையும் காட்டி ஒருவனை அந்நியனாக்குவது அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாதென்று கூறி, 1,000 ரூபாய்ச் சொந்தப் பிணையில் அவரை விடுவித்தார். இந்தத் தீர்ப்பின் நகலை நம் மலைவாசிகளுக்காக ஆஜராகும் ஒவ்வொருவரும் கோட்டுப் பையில் வைத்திருக்க வேண்டும். நூலகத்தில் தூங்கும் தீர்ப்பு யாரையும் ஜாமீனில் எடுப்பதில்லை. யாராவது எழுந்து நின்று, “என் கட்சிக்காரருக்குத் தெலுங்கு தெரியாது, கனம் நீதிபதி அவர்களே” என்று முதல் வாய்தாவிலேயே சொல்லி, அதைக் குறிப்பில் ஏற்றச் செய்தால்தான் மேற்சொன்னவை உயிர் பெறும்.

மற்றொரு சங்கடமும் உண்டு. அது பாஷையைவிட ஆழமானது. அதிகாரத்தில் இருப்பவர் எதைக் கேட்டாலும், “ஆமாங்க” என்று சொல்வது மலையில் மரியாதை. அதை ஒப்புதல் என்று எழுதிக்கொள்வது சமவெளியின் வழக்கம். நம்மிடையே மட்டும் உள்ள சங்கடம் என்று எண்ண வேண்டாம். மலை ஜாகீர்களின் பிடியிலிருந்து நீங்கிய அதே 1976-ஆம் வருஷத்தில், ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்து உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஃபார்ஸ்டர், அனுங்கா என்னும் பழங்குடியினர் ஒருவரின் வழக்கில், காவலர்கள் ஆதிவாசிகளை விசாரிக்கும் முறைக்குச் சில விதிகளை வகுத்தார். இன்றும் அவை அனுங்கா விதிகள் என்றே வழங்குகின்றன. கேட்பவருக்கு எது பிடிக்குமோ அதையே பதிலாகச் சொல்லும் மரியாதை ஆதிவாசிகளுக்கு இருப்பதை அவர் கவனித்து எழுதினார். மொழிபெயர்ப்பாளர் ஒருவரும், கைதிக்கு நம்பிக்கையான நண்பர் ஒருவரும் உடனிருக்க வேண்டும்; பதிலை உள்ளடக்கிய கேள்விகளைத் தவிர்க்க வேண்டும்; பேசாமலிருக்கும் உரிமையை விளக்கியபின், “புரிந்ததா?” என்று கேட்டு நிறுத்தாமல், புரிந்ததைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லும்படி கேட்க வேண்டும் என்பவை அவற்றுள் முக்கியமானவை. இந்தக் கடைசி விதியை நான் என் அறையிலேயே அனுசரித்து வருகிறேன். வக்காலத்தில் கையெழுத்து வாங்குமுன், வழக்கு என்ன, அடுத்த வாய்தாவில் என்ன நடக்கும் என்பதைக் கட்சிக்காரர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதும் அவருக்குப் போய்ச் சேர்ந்ததும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பதைக் கண்டு திகைப்பீர்கள். இந்த வேலையில் மலையிலே பிறந்தவர்களுக்கு இருக்கிற சாமர்த்தியம் மற்றவர்களுக்கு வாய்க்காது. “ஆமாங்க” என்பது எப்போது ஆமாம், எப்போது இல்லை என்பது அவர்களுக்குக் காதிலேயே தெரியும்.

இரு பாஷை அறிந்த நியாயவாதி என்பது நம் நாட்டுக்குப் புதிய பிறவி அன்று. திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து பின்னர் முன்சீபான மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் வெளியிட்ட தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். ஆங்கிலம் அறியாத சாமானிய வக்கீல்களும் கட்சிக்காரர்களும் சட்டத்தைத் தம் பாஷையில் அறிய வேண்டுமென்று அவர் கொண்ட கவலை, தமிழில் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்திலும் தலைகாட்டுகிறது. அவரை நாவலாசிரியராகக் கொண்டாடும் நாம், முன்சீப் வேதநாயகம் பிள்ளையை மறந்துவிட்டோம் என்பது என் குறை. நமது கீழ் நீதிமன்றங்களில் தமிழ் புழங்குவதற்கு 1976-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் வழி செய்ததற்கு நூறு வருஷங்களுக்கு முன்பே, அவர் தனியொருவராக அந்த வேலையை மேஜை விளக்கின் கீழ் செய்துகொண்டிருந்தார்.

மலைவாசியின் வார்த்தை நீதிமன்றத்தில் நிலைக்காது என்று உங்களில் எவரேனும் எண்ணினால், வாச்சாத்தியை நினையுங்கள். சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள அந்தக் கிராமத்தில், நம் மலை மக்களின் இனத்தவரே வசிக்கும் இடத்தில், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி 1992 ஜூன் 20-ஆம் தேதி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து செய்த கொடுமையும், 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானதும் நாடறிந்தவை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் வழக்கை எடுத்து நடத்தியது, சிபிஐ விசாரித்தது, 19 வருஷங்கள் கழித்து, 2011 செப்டம்பர் 29-ஆம் தேதி, தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது, 2023-இல் அதே செப்டம்பர் 29-ஆம் தேதி, நீதிபதி பி. வேல்முருகன் உயர் நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அத்தனை வருஷம் சலியாமல் வந்து சாட்சி சொன்னார்கள். அவர்கள் சொன்னது அவர்களுக்குப் புரியும் தமிழில் கேட்கப்பட்டு, தமிழில் பதிவாயிற்று; அதனால் நிலைத்தது. வாச்சாத்திப் பெண்கள் தெலுங்கு நீதிமன்றத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற யோசனை என்னை விட்டு அகல்வதில்லை.

மலை மேலேயே செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்லி மேலே போகிறேன். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிராம சபைகளில் மனுக் கொடுத்துப் பெற வேண்டிய உரிமைகள், 2008 முதல் 2016 வரை நீதிமன்றத் தடையால் தமிழ்நாட்டில் தேங்கிக் கிடந்தன; அந்தத் தேக்கத்தின் விளைவு இன்னும் நீங்கவில்லை. அந்த விண்ணப்பப் படிவங்களின் தமிழ், தமிழ் அறிந்தவர்களுக்கே புரியாத தமிழ். சொந்த கிராமத்தின் படிவத்தை நிரப்பிக் கொடுப்பது மலையிலிருந்து வந்த உங்கள் ஒவ்வொருவரின் கடமை; அதற்கு என் உபதேசம் வேண்டாம்.

இனி வயிற்றுப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும். அதைப் பேசாமல் இளம் வக்கீல்களுக்கு லட்சியத்தைப் போதிப்பது நேர்மையாகாது. சட்டப் பணிகள் ஆணைக்குழு தரும் தொகை பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் போதுமானால் அதிர்ஷ்டம். மலைவாசியிடம் பீஸ் கேட்பது கல்லில் நார் உரிப்பது. இதைச் செய்து யாரும் வீடு கட்டியதில்லை. ‘ஜெய் பீம்’ படம் வந்த பிறகு உங்களில் பலருக்கு நீதிபதி சந்துருவாகிவிட வேண்டுமென்ற ஆசை பிறந்திருப்பதை அறிவேன், ஆசை நல்லதே. ஆனால் நான் கேட்கும் வேலையில் கேமரா ஓடாது. பஸ்ஸில் திருவண்ணாமலை, வேலூர் வழியாகச் சித்தூர் போய், நாள் முழுவதும் காத்திருந்து, சாட்சி வராமல் வாய்தா வாங்கிக்கொண்டு திரும்புவதே இதில் முக்கால் பங்கு. இருந்தும் ஒரு லாபத்தைச் சொல்லலாம்: இரண்டு பாஷையில் மகஜர் படிக்கத் தெரிந்த வக்கீல் வடமாவட்டங்களில் அரிது, அந்த அருமைக்கு மற்ற வழக்குகளில், நிலத் தகராறிலும் லாரி விபத்திலும் எல்லை தாண்டிய வியாபாரத்திலும், விலை உண்டு.

அந்நிய மாநிலத்தில் நமக்கு என்ன உரிமை என்று கேட்காதீர்கள். எந்த மாநிலத்தில் பதிவு செய்த வழக்கறிஞரும் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் ஆஜராகலாம் என்னும் வழக்கறிஞர் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, ஐம்பது வருஷம் காகிதத்தில் கிடந்து, 2011 ஜூன் 15 முதல் அமலில் இருக்கிறது. சிறையில் இருப்பவர் எந்த மாநிலத்தவராயினும் இலவச சட்ட உதவிக்கு உரியவர் என்று 1987-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. மலையாளி என்னும் நம் மலைமக்களின் இனம் ஆந்திராவின் பழங்குடியினர் பட்டியலில் இல்லையே என்று அங்கே யாராவது சொன்னால், காவலில் உள்ளவர் என்ற தகுதி ஒன்றே போதுமென்று இந்தப் பிரிவைக் காட்டுங்கள். அங்கே நமக்குத் துணையும் உண்டு. திருப்பதியில் கிராந்தி சைதன்யா போன்ற சிவில் உரிமை இயக்கத்து வழக்கறிஞர்கள், தெலுங்கர்களாக இருந்தும், நம் கூலித் தொழிலாளர்களுக்காகப் பல வருஷங்களாக வாதாடி வருகிறார்கள். அவர்களுடைய ஊர் வனத்தில் களவு செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நம் ஊர் ஆட்களுக்கு அவர்கள் துணை நிற்கும்போது, நம் ஊர் வக்கீல்கள் நாம் எங்கே இருந்தோம் என்று அவர்கள் கேட்டதில்லை. அது அவர்கள் பெருந்தன்மை.

ஆகவே என் வேண்டுகோளைச் சொல்லி முடிக்கிறேன். மலைப்பேச்சு அறிந்த ஒருவரும் வீட்டுத் தெலுங்கு அறிந்த ஒருவருமாக இருவர் இருவராகச் சேருங்கள். ஆந்திர நீதிமன்றத்தில் நடக்கும் ஒரு வழக்கை, ஒன்றே ஒன்றை, இருவரும் சேர்ந்து, அவ்வூர் வக்கீல் ஒருவருடன் வக்காலத்து வைத்து, தீர்ப்பு வரை கொண்டு போங்கள். நடுவில் விடாதீர்கள், ஏனெனில் நடுவில் விட்ட வக்கீல்களின் பெயர்களே மலையில் அதிகம் பேசப்படுகின்றன. நம் வழக்கறிஞர் சங்க நூலகத்தில் ஒரு பதிவேடு வைத்து, ஆந்திராவில் வழக்குள்ள மலைவாசிகளின் சரியான பெயர், தந்தை பெயர், கிராமம், வழக்கு எண், அடுத்த வாய்தா ஆகியவற்றைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வையுங்கள். வெள்ளிமலைச் சந்தை நாளில் யாராவது ஒருவர் மேலே போய் அதைச் சரிபார்த்து வரலாம். தெலுங்கு பேசத் தெரிந்து எழுத்து அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பேச்சு உங்கள் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது, லிபி ஒரு கோடை விடுமுறைக்குள் அடங்கிவிடும். சனிக்கிழமை மாலைகளில் சங்க நூலகத்தில் கற்பிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். கட்டணம் இல்லை. கோடு போட்ட நோட்டு ஒன்றும், உங்களிடம் இருக்குமானால் தெலுங்கு மகஜரின் நகல் ஒன்றும் கொண்டு வாருங்கள். அதிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

தங்கள் அன்புள்ள,
மூத்த வழக்கறிஞன் ஒருவன்,
கள்ளக்குறிச்சி.